மூணு ஸ்டேட்ல வேலை பாத்தாச்சு, இப்ப வேலை இல்ல, அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை போனா கிடைக்கிற பணம்) எந்த ஸ்டேட்ல ஃபைல் பண்ணணும்?

குமரி_நர்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். நான் டிராவல் நர்ஸ், கிரீன் கார்டு இருக்கு, வீடு ஹூஸ்டன் பக்கம் கேட்டில. வீட்டுக்காரரும் பசங்களும் இங்க இருக்காங்க, நான் மட்டும் 13 வாரம் 13 வாரமா காண்ட்ராக்ட் எடுத்து வெளி ஸ்டேட் போயி வேலை பாத்துட்டு வருவேன். 2024 ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரை கலிஃபோர்னியால இருந்தேன், செப்டம்பர்ல இருந்து 2025 ஜனவரி வரை நியூஜெர்சி, அப்புறம் பிப்ரவரில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் வாஷிங்டன் ஸ்டேட். மூணுக்கும் ஒரே ஏஜென்சி தான், டபிள்யூ2ல, அதாவது வருஷ சம்பள ஃபாரம் குடுத்து வரி புடிக்கிற ஊழியரா தான் சம்பளம். கடைசி காண்ட்ராக்ட நீட்டிக்கிறோம்னு வாய்ல சொல்லிட்டு முடியுற வாரத்துல இல்லன்னுட்டாங்க, இப்ப செப்டம்பர் கடைசி ஆகப்போகுது, கைல வேலை இல்ல.

வீடு டெக்சாஸ்ல தான இருக்கு, லைசென்ஸ் கார் எல்லாம் டெக்சாஸ் தான, அங்கயே ஆன்லைன்ல போட்டேன். வந்த லெட்டர்ல பேஸ் பீரியட் சம்பளம், அதாவது அவங்க கணக்குல எடுக்குற ஒரு வருஷ சம்பளம், எல்லா குவார்ட்டர்லயும் (மூணு மாசம் ஒரு குவார்ட்டர்) சைபர்னு இருக்கு. நான் ஒரு வருஷத்துக்கு மேல ஒரு வாரம் விடாம நைட் ஷிஃப்ட் பாத்திருக்கேன், சைபர்னு பாத்தப்ப அழுகையே வந்துடுச்சு. கூட வேலை பாத்த பொண்ணு ஒருத்தி மூணு ஸ்டேட்லயும் தனித்தனியா போடுக்கான்னு சொல்றா, இன்னொருத்தங்க உனக்கு எங்கயும் கிடைக்காதுன்னு சொல்றாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். எனக்கு வாரத்துக்கு மொத்தம் 2,100 டாலர் போல வரும், அதுல டாக்ஸ் புடிக்கிற சம்பளம்னு பாத்தா மணிக்கு 30 டாலர், 36 மணி நேரம், அதாவது 1,080 தான், மிச்சம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் குடுக்குற ஸ்டைபண்ட். எத கணக்குல எடுப்பாங்க? அப்புறம் நவம்பர்ல அம்மாவுக்கு நாகர்கோவில்ல முட்டி ஆபரேஷன், போயி ஒரு மாசம் கூட இருக்கணும், அங்க இருந்துட்டே வாரா வாரம் ஆன்லைன்ல கிளெய்ம் பண்ணலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

டல்லாஸ்_செந்தில்

சிஸ்டர், கடைசியா எங்க வேலை பாத்தீங்களோ அந்த ஸ்டேட்ல தான் போடணும். உங்களுக்கு வாஷிங்டன். சிம்பிள்.

---

பேரோல்_ராஜி

செந்தில் தம்பி, வாஷிங்டன்ல போடலாம்ங்கறது சரி, ஆனா "தான்" கிடையாது. கடைசி ஸ்டேட்ல தான் போடணும்னு எல்லாரும் சொல்லிட்டே இருக்காங்க, இந்த ஒரு வார்த்தையால நெறைய பேருக்கு வரவேண்டிய பணம் குறையுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நான் ஸ்டாஃபிங் கம்பெனில பேரோல் பாக்குறவ, தினமும் இதுல தான் கிடக்கேன்.

மொதல்ல டெக்சாஸ்ல ஏன் சைபர். அன்எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ் நீங்க குடியிருக்கிற ஸ்டேட்டோட ஒட்டினது இல்ல, வேலை நடந்த ஸ்டேட்டோட ஒட்டினது. உங்க ஏஜென்சி நீங்க எந்த ஸ்டேட்ல நின்னு வேலை பாத்தீங்களோ அந்த ஸ்டேட்டுக்கு குவார்ட்டருக்கு ஒரு தடவ உங்க சம்பளத்த ரிப்போர்ட் பண்ணி, வரியும் அங்க தான் கட்டும். நீங்க டெக்சாஸ்ல ஒரு ஷிஃப்ட்டும் பாக்கல, அதனால அங்க உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. அந்த லெட்டர் பாத்து பயப்படாதீங்க. அது செல்லாத கிளெய்ம்னு போயிடும், பெனிஃபிட் இயர், அதாவது பணம் வாங்கக்கூடிய அந்த ஒரு வருஷக் காலம், ஆரம்பிக்கவே இல்ல, அதனால வேற ஸ்டேட்ல போடுறதுக்கு அது குறுக்க நிக்காது.

இப்ப உங்களுக்கு வேண்டியதுக்கு பேரு கம்பைன்ட் வேஜ் கிளெய்ம். மூணு ஸ்டேட் சம்பளத்தையும் ஒண்ணா சேத்து ஒரே ஒரு ஸ்டேட்ல வாங்குறது. 1970ல வந்த சட்டத்துலயே எல்லா ஸ்டேட்டும் இதுல சேரணும்னு வச்சுட்டாங்க, இப்ப 50 ஸ்டேட்டு, வாஷிங்டன் டிசி, போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் ஐலண்ட்ஸ் எல்லாம் இதுல இருக்கு. பணம் தர்ற ஸ்டேட்டுக்கு பேயிங் ஸ்டேட்னு பேரு, அது மத்த ஸ்டேட்டுக்கெல்லாம் எழுதி உங்க சம்பளக் கணக்க வரவழைச்சுக்கும். 2009 ஜனவரில இருந்து உள்ள ரூல் என்னன்னா, பேஸ் பீரியட்ல உங்களுக்கு சம்பளம் இருக்கிற ஸ்டேட்டா இருக்கணும், சேத்த சம்பளத்த வச்சு அந்த ஸ்டேட் சட்டப்படி நீங்க தகுதி ஆகணும். அவ்வளவு தான். அப்படி ஒண்ணுக்கு மேல ஸ்டேட் இருந்தா எது வேணும்னு தேர்ந்தெடுக்குறது உங்க உரிமை. உங்களுக்கு மூணு இருக்கு.

பேஸ் பீரியட்னா முடிஞ்ச அஞ்சு குவார்ட்டர்ல மொத நாலு. நீங்க செப்டம்பர்லயே போட்டா 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரை. அதுல கலிஃபோர்னியா இருக்கு, நியூஜெர்சி இருக்கு, வாஷிங்டன் ரெண்டு மாசம் இருக்கு. அக்டோபர்ல புது குவார்ட்டர் பொறந்தப்புறம் போட்டா 2024 ஜூலைல இருந்து 2025 ஜூன் வரைன்னு நகரும், அப்பவும் மூணும் உள்ள தான் இருக்கு, கலிஃபோர்னியா கொஞ்சம் தேயும். உங்களுக்கு சம்பளம் எல்லா குவார்ட்டர்லயும் ஒரே மாதிரிங்கறதால காத்திருந்து ஒரு லாபமும் இல்ல. கிளெய்ம் போட்ட வாரத்துல இருந்து தான் கணக்கு ஆரம்பிக்கும், பின் தேதி போட்டு வாங்குறதுக்கு பலமான காரணம் காட்டணும். ஆகஸ்ட் நடுல வேலை போயி இன்னும் சரியான ஸ்டேட்ல போடாம இருக்கீங்களே, அது தான் என் மனசுக்கு கஷ்டமா இருக்கு. இந்த வாரமே போடுங்கம்மா.

மூணு ஸ்டேட்லயும் தனித்தனியா போடுன்னு சொன்ன பொண்ணு பேச்ச கேக்கவே கேக்காதீங்க. ஒரே வாரத்துக்கு ரெண்டு ஸ்டேட்ல பணம் வாங்குனா அது மோசடி. ஸ்டேட்டெல்லாம் ஐகான்னு ஒரு நெட்வொர்க்ல ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும், சோஷியல் செக்யூரிட்டி நம்பர் போட்டா எல்லாம் தெரிஞ்சுடும். வாங்குன பணத்த திருப்பிக் கட்டுறதோட அதுக்கு மேல குறைஞ்சது 15 சதவீதம் அபராதம்.

---

சியாட்டில்_மணி

ராஜி மேடம் சொன்னதுக்கு மேல தொகைய கணக்கு போட்டுப் பாத்துருவோம், ஏன்னா எந்த ஸ்டேட்டுங்கறது அதுல தான் முடிவாகும். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு ஃபார்முலா, ஒரு உச்சவரம்பு. பேயிங் ஸ்டேட் எதுவோ அதோட ஃபார்முலா தான் மொத்த சம்பளத்துக்கும்.

ஸ்டைபண்ட மொதல்ல மறந்துடுங்க. வாடகை, சாப்பாட்டுக்குன்னு டாக்ஸ் இல்லாம குடுக்குறது சம்பளக் கணக்குல வராது. இது டிராவல் நர்சுங்களுக்கு பெரிய அடி, ஏஜென்சி ஆளுங்க டாக்ஸபிள் ரேட்ட கம்மி பண்ணி ஸ்டைபண்ட ஏத்திக் காட்டும்போது கைக்கு வர்ற பணம் ஜாஸ்தியா தெரியும், ஆனா வேலை போனா, உடம்பு முடியாமப் போனா, ரிட்டயர் ஆனா எல்லாத்துக்கும் அந்த சின்ன நம்பர் தான் அடிப்படை. காண்ட்ராக்ட் கையெழுத்து போடும்போது யாரும் இத சொல்ல மாட்டேங்கறாங்க.

அப்ப வாரத்துக்கு 1,080, ஒரு குவார்ட்டருக்கு 13 வாரம்னா 14,040. கலிஃபோர்னியால அதிக சம்பளம் வந்த குவார்ட்டர 26ஆல வகுப்பாங்க, 540 வருது, ஆனா அங்க உச்சவரம்பு 450, அதனால 450 தான் குடுப்பாங்க, அந்த 450 பல வருஷமா மாறவே இல்ல. வாஷிங்டன்ல அதிக சம்பளம் வந்த ரெண்டு குவார்ட்டரோட சராசரிய 0.0385ஆல பெருக்கணும், அதுவும் 540 வருது, அங்க உச்சவரம்பு 1,000 டாலருக்கு மேல இருக்கு, அதனால 540 அப்படியே கிடைக்கும். நியூஜெர்சில சராசரி வாரச் சம்பளத்துல 60 சதவீதம், 2025ல உச்சவரம்பு 875. 1,080ல 60 சதவீதம்னா 648.

அதே வேலை, அதே சம்பளம், 450க்கும் 648க்கும் வாரத்துக்கு 198 டாலர் வித்தியாசம். 26 வாரம் முழுசா வாங்க வேண்டி வந்தா 5,148 டாலர். கடைசியா வேலை பாத்த ஸ்டேட்டுன்னு கண்ண மூடிட்டு போட்டிருந்தாலும் வாரம் 108 போயிருக்கும். உங்களுக்கு நியூஜெர்சி தான் நல்லதுன்னு எனக்கு தோணுது. அங்க எத்தனை வாரம் குடுப்பாங்கங்கறது நீங்க பேஸ் பீரியட்ல வேலை பாத்த வாரங்கள பொறுத்தது, அதிகபட்சம் 26, உங்களுக்கு அது தாராளமா இருக்கு.

வேற யாராச்சும் இத படிச்சா, ஃப்ளோரிடால வேலை பாத்தவங்க ரொம்ப கவனமா பாருங்க, அங்க உச்சவரம்பு வாரத்துக்கு 275 தான், வேலையில்லா விகிதம் கம்மியா இருக்கிற காலத்துல 12 வாரத்தோட முடிஞ்சுரும். பேஸ் பீரியட்ல வேற ஸ்டேட் சம்பளம் ஒண்ணு இருந்தா அத கண்டிப்பா கணக்கு போட்டுப் பாத்துட்டு போடுங்க.

---

குமரி_நர்ஸ்

ராஜி அக்கா, மணி அண்ணா, ரொம்ப ரொம்ப நன்றி, எனக்கு இப்ப தான் மூச்சு வருது. நியூஜெர்சின்னு நான் யோசிச்சே பாக்கல, ஜனவரிலயே அங்க இருந்து வந்துட்டேன், இப்ப டெக்சாஸ்ல உக்காந்துட்டு அங்க எப்படி போடுறதுன்னு தான்.

ஒரு பயம். இப்ப டபிள்யூ2 எடுத்துப் பாத்தேன், 15வது கட்டத்துல கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் இருக்கு. வாஷிங்டன் சம்பளம் இந்த வருஷம்ங்கறதால டபிள்யூ2 இன்னும் வரல, பே ஸ்டப் மட்டும் இருக்கு, அதுல வாஷிங்டன் இன்கம் டாக்ஸ்னு ஒரு வரியும் இல்ல. ஏஜென்சி ரிப்போர்ட் பண்ணாம விட்டுட்டாங்களோ? அப்புறம் கலிஃபோர்னியா ஸ்டப்ல எஸ்டிஐன்னு புடிச்சிருக்காங்க, அது தான் அன்எம்ப்ளாய்மென்ட் பணமா? இன்னொண்ணு, ரெக்ரூட்டர் ஃபோன் பண்ணி நார்த் டகோட்டால ஒரு நைட் ஷிஃப்ட் இருக்கு, ரேட் கம்மி, போறியான்னு கேக்குறா. வேணாம்னா கிளெய்ம் போயிடுமா?

---

பேரோல்_ராஜி

வாஷிங்டன்லயும் டெக்சாஸ்லயும் சம்பளத்துக்கு ஸ்டேட் இன்கம் டாக்ஸே கிடையாதும்மா, அதனால ஸ்டப்ல அந்த வரி இருக்காது, நாளைக்கு டபிள்யூ2ல அந்த கட்டம் காலியா வந்தாலும் பயப்படாதீங்க. வாஷிங்டன் ஸ்டப்ல பெய்ட் ஃபேமிலி லீவுக்கும் டபிள்யூஏ கேர்ஸுங்கற நீண்டகால பராமரிப்பு இன்சூரன்ஸுக்கும் சின்னதா புடிச்சிருப்பாங்க பாருங்க, அது இருந்தா அந்த ஸ்டேட்டுக்கு தான் உங்கள கணக்கு வச்சிருக்காங்கன்னு ஓரளவு நம்பலாம். கலிஃபோர்னியா எஸ்டிஐ உடம்பு முடியாம வேலைக்கு போக முடியலன்னா வர்ற இன்சூரன்ஸ், வேலை போனா வர்றது வேற, அதுக்கு அங்க முதலாளி தான் கட்டுறாரு. தொழிலாளி கையில இருந்தும் அன்எம்ப்ளாய்மென்டுக்கு புடிக்கிறது நியூஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா இந்த மூணுல தான். உங்க நியூஜெர்சி ஸ்டப்ப எடுத்துப் பாருங்க, யுஐன்னு, அதாவது அன்எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ்னு, ஒரு வரி இருக்கும். நீங்களே காசு கட்டியிருக்கீங்க, அங்க போயி கேக்குறதுக்கு ஒரு துளி தயக்கமும் வேணாம்.

போடுறது ஆன்லைன்ல தான், டெக்சாஸ்ல இருந்தே போடலாம். கடந்த 18 மாசத்துல வேலை பாத்த எல்லா ஸ்டேட்டும் கேப்பாங்க, ஒண்ணு விடாம போடணும். ஒரு ஸ்டேட்ட மறைச்சு வச்சுக்கலாம், பின்னாடி பாத்துக்கலாம்ங்கறது நடக்காது, சேக்குறதுன்னா பேஸ் பீரியட் சம்பளம் எல்லாத்தையும் சேத்தாகணும், ஒரு தடவ கிளெய்ம்ல பயன்பட்ட சம்பளத்த மறுபடி வேற ஸ்டேட்ல காட்ட முடியாது. பணம் தர்றது நியூஜெர்சிங்கறதால தகுதி, வேலை தேடுற விதி எல்லாம் நியூஜெர்சி சட்டம் தான், வேலை தேட பதிவு பண்றது மட்டும் பொதுவா நீங்க இருக்கிற இடத்துல, அதாவது வொர்க்இன்டெக்சாஸ் சைட்ல.

ரெக்ரூட்டர் விஷயத்துக்கு வர்றேன், இதுல தான் ஏஜென்சி மூலமா வேலை பாக்குறவங்க மாட்டுறாங்க. காண்ட்ராக்ட் முடிஞ்சது உங்க தப்பு இல்ல, அது வேலை இல்லாமப் போனது தான். ஆனா பல ஸ்டேட்ல ஏஜென்சி ஆளுங்களுக்குன்னு தனி விதி இருக்கு, ஒரு அசைன்மென்ட் முடிஞ்சதும் ஏஜென்சிய கூப்பிட்டு அடுத்தது இருக்கான்னு கேக்கலன்னா நீங்களா வேலைய விட்டதா எடுத்துப்பாங்க, டெக்சாஸ் சட்டத்துல அப்படியே எழுதி வச்சிருக்கு. அதனால ஃபோன்ல பேசினாலும் ஒரு ஈமெயில் போட்டு வைங்க, காண்ட்ராக்ட் இந்த தேதி முடிஞ்சது, நான் வேலைக்கு ரெடி, ஏதாவது இருக்கான்னு. நார்த் டகோட்டா வேலைய வேணாம்னு சொன்னா வாராந்திர ஃபாரத்துல வேலைய மறுத்தீங்களான்னு கேக்குறப்ப ஆமான்னு தான் போடணும். அது உங்களுக்கு ஏத்த வேலையா இல்லையான்னு அவங்க பாப்பாங்க, சம்பளம், தூரம், உங்க அனுபவம் எல்லாம் பாப்பாங்க. நீங்க இத்தன நாளும் தூர ஸ்டேட்டுக்கு போயி வேலை பாத்தவங்க, அதனால தூரம்னு மட்டும் சொன்னா எடுபடுறது கஷ்டம். ரேட் கம்மின்னா பழைய காண்ட்ராக்டயும் இதயும் பக்கத்துல பக்கத்துல வச்சு எவ்வளவு குறையுதுன்னு எழுதி காட்டுங்க.

---

எடிசன்_பாலா

இது மாதிரி ரெண்டு ஸ்டேட் சேத்து வாங்குனவன்ங்கற முறைல ஒண்ணு சொல்றேன். சாதாரண கிளெய்ம விட இதுக்கு லேட் ஆகும், வேற ஸ்டேட்ல இருந்து கணக்கு வரணுமே. அது வர்ற வரைக்கும் பணம் வரலையேன்னு வாராந்திர சர்டிஃபிகேஷன (இந்த வாரமும் வேலை இல்ல, வேலைக்கு ரெடின்னு ஆன்லைன்ல சொல்றது) நிறுத்திடாதீங்க, ஒரு வாரமும் விடாம போட்டுட்டே இருங்க, அப்புறம் சேத்து வரும். ஐடி.மீல முகம் காட்டி அடையாளம் உறுதி பண்ண சொல்லுவாங்க, பாஸ்போர்ட், கிரீன் கார்டு, லைசென்ஸ் எடுத்து வச்சுக்கங்க.

மானிட்டரி டிடர்மினேஷன்னு, உங்க சம்பளக் கணக்கும் வாரத் தொகையும் போட்டு ஒரு லெட்டர் வரும், அத வாங்கி டிராயர்ல போட்டுடாதீங்க. ஒவ்வொரு குவார்ட்டருக்கும் ஒவ்வொரு ஸ்டேட் சம்பளம் சரியா ஏறியிருக்கான்னு பே ஸ்டப்ப வச்சு ஒத்துப் பாருங்க. சில ஏஜென்சி அவங்க ஹெட் ஆபீஸ் இருக்கிற ஸ்டேட்டுக்கே எல்லாத்தையும் ரிப்போர்ட் பண்ணிடுறது உண்டு, அப்படி இருந்தா பே ஸ்டப், காண்ட்ராக்ட் காப்பி எல்லாம் அனுப்பி விசாரிக்க சொல்லலாம். அப்பீல் பண்ண குறுகிய டைம் தான் இருக்கும், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், டெக்சாஸ்ல 14 நாள், கலிஃபோர்னியால 30 நாள், உங்க லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்கோ அத காலண்டர்ல குறிச்சு வைங்க. தொகைய பாத்துட்டு அடடா வேற ஸ்டேட்ல போட்டிருக்கலாமேன்னு தோணுனா கூட அந்த அப்பீல் டைமுக்குள்ள கம்பைன்ட் கிளெய்ம வாபஸ் வாங்கிக்கலாம், வாங்குன பணத்த திருப்பிக் குடுக்கணும், இல்ல புது ஸ்டேட் பணத்துல இருந்து கழிச்சுக்க சம்மதம் குடுக்கணும்.

டாக்ஸ மறந்துடாதீங்க. இந்த பணத்துக்கு ஃபெடரல் வரி உண்டு, ஜனவரில 1099ஜின்னு, வாங்குன பணத்த காட்டுற வரி ஃபாரம் வரும். 10 சதவீதம் புடிச்சுக்கோங்கன்னு ஆரம்பத்துலயே டிக் பண்ணிடுங்க. நியூஜெர்சி இதுக்கு ஸ்டேட் வரி போடுறதில்ல, டெக்சாஸ்ல வரியே இல்ல, அந்த வகைல உங்களுக்கு நிம்மதி.

---

ஆஸ்டின்_கார்த்தி

நடுல ஒரு கேள்வி, மன்னிச்சுக்கங்க. நான் எச்1பி வேலை விசால இருக்கேன், எனக்கும் லேஆஃப், ரெண்டு ஸ்டேட்ல வேலை. எனக்கும் இது உண்டா?

---

பேரோல்_ராஜி

கார்த்தி, முதலாளி உங்களுக்காகவும் வரி கட்டியிருப்பாரு, ஆனாலும் எச்1பில பொதுவா கிடைக்காதுப்பா. வேற எந்த முதலாளிகிட்டயும் உடனே சேந்து வேலை பாக்குற அனுமதி இருக்கணும்ங்கறது அடிப்படை நிபந்தனை, எச்1பி ஒரு முதலாளியோட கட்டுனது. உங்களுக்கு இப்ப வேலை போனப்புறம் நாட்டுல இருக்க விடுற அந்த 60 நாள் கிரேஸ் பீரியட் தான் முக்கியம், அதுல கவனம் வைங்க. கிரீன் கார்டு அப்ளிகேஷன் போட்டு இஏடி (வேலை அனுமதி கார்டு) கைல இருந்தா கதை வேற, அப்ப போட்டுப் பாக்கலாம். எச்4, அதாவது எச்1பி ஆளோட குடும்ப விசால, இஏடி வச்சு வேலை பாத்து வேலை போன மனைவிமாருங்களும் போடலாம், இது தெரியாமயே நெறைய பேரு விட்டுடுறாங்க.

---

மதுரை_மீனா

குமரி தங்கச்சி, ஊருக்கு போற விஷயத்துக்கு யாரும் இன்னும் சொல்லல, நான் சொல்றேன். நாகர்கோவில்ல உக்காந்துட்டு சர்டிஃபை பண்ணாதீங்கம்மா. ஒவ்வொரு வாரமும் வேலைக்கு தயாரா, கிடைக்கிற நிலைமைல இருந்தீங்களான்னு கேப்பாங்க, இந்தியால இருக்கிறப்ப அதுக்கு ஆமான்னு போட முடியாது. லாகின் பண்ற ஐபி அட்ரஸ்லயே தெரிஞ்சு கணக்க முடக்கிடுவாங்க. வீட்டுக்காரர கேட்டில இருந்து போடச் சொல்றது அத விட மோசம், உங்க பேர்ல வேற ஒருத்தர் பொய் சொல்றதா ஆகிடும். ஒரு மாசப் பணத்துக்காக மொத்தத்தையும் திருப்பிக் கட்டி அபராதமும் கட்டற நிலைமை வேணாம்.

சரியான வழி சுலபம் தான். போற வாரங்களுக்கு கிளெய்ம் பண்ணாதீங்க. திரும்பி வந்ததும் கிளெய்ம ரீஓப்பன் பண்ணுங்க. மிச்சம் இருக்கிற பணம் எங்கயும் போகாது, பெனிஃபிட் இயர் ஒரு வருஷம் ஓடும், அதுக்குள்ள வாங்கிக்கலாம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன்னா மொத ரெண்டு மூணு வாரம் பக்கத்துல ஆள் இருக்கணும், நீங்களே நர்சு, உங்களுக்கு தெரியாததில்ல. நிம்மதியா போயி பாத்துட்டு வாங்க.

---

குமரி_நர்ஸ்

மீனா அக்கா, கரெக்டா சொன்னீங்க, அந்த வாரங்கள விட்டுடறேன். ரெக்ரூட்டருக்கு ஈமெயில் போட்டாச்சு, பழைய காண்ட்ராக்ட் ரேட்டையும் நார்த் டகோட்டா ரேட்டையும் போட்டு வேற என்ன இருக்குன்னு கேட்டிருக்கேன். நியூஜெர்சில இன்னைக்கு ராத்திரியே ஃபைல் பண்றேன், பே ஸ்டப் எல்லாம் பிடிஎஃப்பா எடுத்து ஸ்டேட் வாரியா ஃபோல்டர்ல வச்சுட்டேன். கோவிட் டைம்ல கலிஃபோர்னியால கொஞ்ச நாள் வாங்கியிருக்கேன், அது எதுவும் இதுல பிரச்சனை பண்ணுமா?

---

பேரோல்_ராஜி

அப்ப ஒழுங்கா முடிஞ்சிருந்தா பிரச்சனை இல்ல. ஜாஸ்தியா குடுத்துட்டோம், திருப்பிக் கட்டுன்னு கலிஃபோர்னியால பாக்கி ஏதும் நின்னுதுன்னா மட்டும் நியூஜெர்சி உங்க பணத்துல புடிச்சு அங்க அனுப்பும். கலிஃபோர்னியா அக்கவுண்ட்ல லாகின் பண்ணி பாக்கி ஏதும் காட்டுதான்னு பாத்துட்டு, அப்புறம் போடுங்க. அட்ரஸ் கேக்குற இடத்துல கேட்டி அட்ரஸ்ஸே குடுங்க, லெட்டரெல்லாம் அங்க தான் வரும்.